சடையண்ணனுக்கு எந்தப் பங்கு

1

நான் பஸ் ஓட்டிப் பிழைக்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஊர் செம்மேட்டில் இன்றைக்கும் சிரிப்பார்கள். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் இருபதைத் தாண்டுவதற்குள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிடுகிற ஆள் நான். என்னைப் பார்த்ததுமே கண்டக்டர் கடைசி சீட்டில் ஜன்னலோரத்தைக் காலி செய்து கொடுப்பார். அப்படிப்பட்டவன் பதினோரு வருடமாக அயர்லாந்தில், கடலோரத்துச் சிறு நகரம் ஒன்றில், மாடி பஸ் ஓட்டுகிறேன். இந்த ஊரில் வளைவு என்று சொல்லத்தக்க இடம் இரண்டே இரண்டு. இரண்டிலும் எனக்கு வயிறு லேசாகப் புரளும். வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

வேலையில் எனக்கு ஒரே ஒரு தகராறுதான். அது பெருநாள் லீவு. லீவு விண்ணப்பத்தை ஆறு வாரம் முன்னால் கொடுக்க வேண்டும். அதில் தேதிக்கென்று ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது? முதல் வருடம் எங்கள் டிப்போ மேற்பார்வையாளர் பிரெண்டன், "உங்கள் பண்டிகை எந்தத் தேதி?" என்று கேட்டார். தெரியாது, பிறை பார்த்துச் சொல்கிறேன் என்றேன். லீவுக்கு இப்படியும் ஒரு காரணமா என்பது போலப் பார்த்தார். ரம்ஜானைப் பார்க்க பக்ரீத் எவ்வளவோ மேல் என்று விளக்கினேன். ரம்ஜானில் இன்று மாலை பிறை தெரிந்தால் விடிந்தால் பெருநாள். பக்ரீத்துக்குப் பிறை பார்த்துப் பத்தாம் நாள்தான் பெருநாள் என்பதால் ஒன்பது நாள் முன்னதாகவே தெரிந்துவிடும். "ஒன்பது நாளா!" என்று அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். இப்போது பழகிவிட்டது. பெருநாள் நெருங்கினாலே சுவரில் மாட்டிய அட்டவணையில் என் பெயருக்கு நேராகப் பென்சிலால் 'நிலா' என்று எழுதி வைத்துவிடுகிறார்.

பிறை ஒன்றிலிருந்து என் முகத்தில் தாடி ஏறத் தொடங்கும். குர்பானி கொடுக்க நினைத்திருப்பவர் ஆட்டை அறுத்து முடிக்கும் வரை முடியும் நகமும் வெட்டாமல் இருப்பது எங்கள் வழக்கம். எனக்கு இதில் கூடுதலாக ஒரு நாள் சேரும். இங்கே அரபு நாட்டுப் பிறையை வைத்துப் பெருநாள் கொண்டாடிவிடுவார்கள். என் ஆடோ கொல்லிமலையில் நிற்கும். அதன் பெருநாள் பெரும்பாலும் மறுநாள்தான். புதுச் சட்டை போட்டு, அத்தர் பூசி, பிரியாணியும் சாப்பிட்ட பிறகும் வளர்ந்த நகத்தோடு ஒரு நாள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

2

ஆடு ஏன் கொல்லிமலையில் நிற்கிறது என்பதைச் சொல்ல வேண்டும்.

வந்த புதிதில் இங்கேயேதான் கொடுத்துப் பார்த்தோம். பெருநாள் தொழுகை இங்கே ஒரு விளையாட்டு அரங்கத்தில் நடக்கிறது. கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே இமாம் நிற்பார். தரையில் ஏற்கெனவே கோடு போட்டிருப்பதால் வரிசை அவ்வளவு நேராக இருக்கும். தொழுது முடித்து எல்லாரும் கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொல்லிக்கொள்வோம். அதோடு பெருநாள் முடிந்துவிடும். ஆட்டை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. கறிக்கடையில் முன்கூட்டியே பெயர் கொடுத்தால் ஊருக்கு வெளியே அனுமதி பெற்ற இடத்தில் அறுத்து, இரண்டு நாள் கழித்து அட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுப்பார்கள். பெட்டியின் மேல் நம் பெயர் ஒட்டியிருக்கும்.

குர்பானிக் கறியை மூன்றாகப் பிரிப்பது மரபு. ஒரு பங்கு வீட்டுக்கு, ஒரு பங்கு சொந்தபந்தத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும், மூன்றாவது பங்கு ஏழைகளுக்கு. என் மனைவி நஸ்ரின் மூன்று பாத்திரம் எடுத்துச் சரியாகப் பிரித்து வைத்தாள். முதல் பங்கு அடுப்புக்குப் போனது. இரண்டாவதைத் தெரிந்த இரண்டு தமிழ்க் குடும்பங்களுக்கும் கூட வேலை செய்யும் ஒரு பாகிஸ்தான்காரருக்கும் கொடுத்தோம். அவர்கள் தங்கள் பெட்டியிலிருந்து எங்களுக்குக் கொடுத்தார்கள். கடைசியில் எங்கள் வீட்டுக் கறியின் எடை கொஞ்சம்கூடக் குறையவில்லை.

மூன்றாவது பங்கைக் காரில் வைத்துக்கொண்டு, இல்லாதவர்களுக்குச் சாப்பாடு போடும் ஓர் இடத்துக்குப் போனேன். பின் சீட்டில் என் மகள் அஃப்ரா பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போது அவளுக்கு ஐந்து வயது. அங்கிருந்த பெண்மணி நாலு தடவை நன்றி சொன்னார். சொல்லிவிட்டு, தனி ஆட்களிடமிருந்து பச்சைக் கறி வாங்கக் கூடாது என்று சுவரில் ஒட்டியிருந்த விதியைக் காட்டினார். இன்னும் இரண்டு இடத்துக்குப் போனேன். அங்கேயும் அதே விதிதான், ஒட்டியிருந்த தாளின் நிறம் மட்டும் வேறு. திரும்பி வரும்போது அஃப்ரா கேட்டாள்: "அத்தா, ஏழைங்க யாரும் வீட்ல இல்லையா?"

அந்தப் பங்கை நாங்களேதான் தின்றோம். கிறிஸ்மஸ் வரைக்கும் வந்தது. ஒவ்வொரு தடவை ஃபிரீசரைத் திறக்கும்போதும் அடுத்தவர் பொருளை எடுக்கிறோம் என்று இருந்தது எனக்கு. அடுத்த வருடத்திலிருந்து குர்பானியை ஊரிலேயே கொடுப்பது என்று முடிவு செய்தேன். செம்மேட்டில் என் அத்தாவின் தையல் கடையை இப்போது என் அக்கா மும்தாஜும் மச்சானும் நடத்துகிறார்கள். அக்காவுக்கு ஒரு போன் போட்டால் போதும். பிரிக்கிற தலைவலியும் இருக்காது, பங்கை வாங்க ஆள் தேடி அலையவும் வேண்டாம்.

3

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் பக்கத்தில் முஸ்லிம் குடும்பம் எங்களுடையது ஒன்றுதான். அத்தா தையல் மிஷினோடு மலையேறி வந்து அங்கேயே தங்கிவிட்டார். மலைக்காரர்களுக்கு அவர் 'பாய்', நாங்கள் 'பாய் ஊட்டுப் பிள்ளைகள்'.

எங்களுக்கு ஆடு தருகிறவர் சடையண்ணன். அரியூர் நாடு என்கிற மலை ஊர்ப்பகுதியில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியும் மிளகும் போட்டு, கூடவே பத்துப் பதினைந்து ஆடு வைத்திருந்தார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. மேய்ச்சலில் மற்றவர் ஆட்டோடு கலந்துவிடாமல் இருக்கத் தன் ஆட்டுக் குட்டிகளின் இடது காதில் சின்னதாக ஒரு வெட்டு வைப்பார். குர்பானி ஆடு ஊனம் இல்லாமல் இருக்க வேண்டும். கண், கால், கொம்பு, காது எல்லாம் பார்ப்பார்கள். அவ்வளவு சின்ன வெட்டு குற்றமாகாது என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் அத்தாவுக்கு மனசு ஒப்பாது. அதைத் தெரிந்துகொண்ட சடையண்ணன் ஒவ்வொரு வருடமும் ஒரு நல்ல கிடாக்குட்டியைப் பார்த்து, காதில் கத்தி படாமல் விட்டுவிடுவார். அதற்குப் பெயரே 'பாய் ஊட்டு ஆடு'. அது யார் தோட்டத்தில் புகுந்து மேய்ந்தாலும், காதைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்குத்தான் திட்டு வரும்.

பெருநாள் தொழுகைக்கு அடிவாரத்துக்கு இறங்க வேண்டும். ரம்ஜானில் எதையாவது சாப்பிட்டுவிட்டுத் தொழப் போவோம், பக்ரீத்தில் வெறும் வயிறு. குர்பானிக் கறியைத்தான் முதலில் வாயில் வைக்க வேண்டும் என்பார் அத்தா. வெறும் வயிற்றோடு எழுபது வளைவு இறங்கி, காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம் போய்த் தொழுது, மறுபடி எழுபது வளைவு ஏறுவோம். என் வயிற்றைப் பொறுத்தவரை அது மிகவும் புத்திசாலித்தனமான ஏற்பாடு.

தொழப் போன வழியில் திரும்பாமல் வேறு வழியில் வீடு வருவதும் நபிவழி. மலைக்கு எங்களுக்குத் தெரிந்து ஒரே ரோடு, ஒரே பஸ். அதில் வேறு வழிக்கு எங்கே போவது? அத்தா அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் நிறுத்தத்தில் இறங்காமல் அடுத்ததில் இறங்கி, கிழங்குக் காட்டு வரப்பு வழியாக நடத்திக் கூட்டி வருவார். அந்த வழியில்தான் சடையண்ணன் வீடு. அவர் வெளுத்த வேட்டி கட்டி, ஆட்டைக் குளிப்பாட்டித் தயாராக நிற்பார். அங்கிருந்து எல்லாருமாக ஊர்வலம் போல எங்கள் வீட்டுக்குப் போவோம்.

ஒரு தடவை நடந்துகொண்டே அத்தா அவருக்குப் பெருநாளின் கதையைச் சொன்னார். இப்ராஹீம் நபியிடம் இறைவன் மகனைக் கேட்டதையும், மகன் இஸ்மாயீலும் சம்மதித்ததையும், அறுக்கப்போன நேரத்தில் மகனுக்குப் பதிலாக வானத்திலிருந்து ஓர் ஆடு வந்ததையும் விளக்கினார். சடையண்ணன் கேட்டுக்கொண்டே வந்தார்.

"ஏனுங்க பாய், அந்த ஆட்ட வளத்துனது ஆருங்க?"

"அது சொர்க்கத்துல இருந்து வந்ததப்பா."

"இருக்கட்டுங்க. அங்கயும் ஒருத்தன் மேச்சிருப்பான்ல?"

அத்தா நின்று, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்து, வாய்விட்டுச் சிரித்தார். கறி பிரித்த பிறகு சடையண்ணன் வீட்டுக்குத் தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது என் வேலை. வாளி நிறைய இருக்கும். அது எந்தக் குவியலிலிருந்து எடுத்தது என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. மலைமேல் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் கிடையாது, ஆகவே அது ஏழைகள் பங்காகத்தான் இருக்கும் என்று நானாக முடிவு கட்டிவிட்டேன்.

4

அந்த முடிவு முப்பது வருடம் எனக்குள் பேசாமல் கிடந்து, போன வருடம் வாய்வழியாக வெளியே வந்தது.

பெருநாளுக்கு முந்தின நாள். எனக்கு அடுத்த ட்ரிப்புக்கு ஆறு நிமிடம் இருந்தது. அவசரமாக அக்காவுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினேன். நலம் விசாரித்துவிட்டு, "மூணாவது பங்கு, ஏழைங்க பங்கு, அத எப்பவும் போல சடையண்ணன் ஊட்டுக்குக் குடுத்துரு அக்கா" என்று முடித்தேன். அக்கா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கை ஈரமாக இருந்ததால் போனைச் சத்தமாக வைத்துக் கேட்டாள். ஆட்டைப் பிடித்துக்கொண்டு சடையண்ணன் அப்போதுதான் கடை வாசலில் வந்து நின்றிருந்தார்.

அது அவர் காதில் விழுந்தது. ஆட்டைக் கட்டினார், தண்ணீர் வைத்தார், போய்விட்டார். மறுநாள் மச்சான் தூக்குவாளியோடு போனபோது, "ஏழைங்க ஆராச்சும் இருப்பாங்க, அவங்களுக்குக் குடுத்துருங்க மாப்ள" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

இதை அக்கா ஒரு வருடம் என்னிடம் மறைத்தாள். இந்த வருடம் ஆடு கேட்கப் போன பிறகுதான் மறைக்க முடியாமல் போனது.

"ஆடு இல்லடா சாதிக்கு."

"ஏன்? அவரு பட்டியில ஆடு இல்லாததா?"

"பட்டி நெறைய இருக்குது. எல்லாத்துக்கும் காதுல வெட்டு வெச்சுட்டாரு, நமக்குன்னு உட்டு வெச்சிருந்ததுக்கும் சேத்து."

எனக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. அத்தா போய் ஒன்பது வருடமாகியும் விடாமல் ஒரு குட்டியின் காதை முழுசாக வைத்திருந்தவர், இந்த வருடம் ஒன்றைக்கூட விடவில்லை.

"எப்பவும் போலன்னுதானேக்கா சொன்னேன்?"

"எப்பவும் எதுல இருந்து குடுத்தம்னு நீ பாத்தயா? அத்தா சடையண்ணனுக்கு நம்ம ஊட்டுப் பங்குல இருந்துதான்டா எடுப்பாரு. ரெண்டாவது பங்குலகூட எடுக்க மாட்டாரு. ஆட்ட வளத்தவன் நம்ம ஊட்டு ஆளும்பாரு. நானும் இத்தன வருசம் அப்படித்தான் குடுத்தேன். நீ வாயத் தொறந்துதான் கெட்டுது."

"போன வருசமே சொல்லியிருக்கலாம்ல?"

"நீயே அங்க தனியாக் கெடக்கற. எதுக்கு உன்ற மனசக் கஷ்டப்படுத்தறதுன்னு உட்டுட்டேன்."

போனை வைத்தபோது அஃப்ரா எதிரில் உட்கார்ந்திருந்தாள். பதினான்கு வயது. வீட்டில் நடப்பது எதிலும் அக்கறை இல்லாத முகத்தோடு காதில் எதையோ மாட்டிக்கொண்டிருப்பாள். பெருநாள் என்றால் வருடத்தில் இரண்டு நாள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுவது என்ற அளவில்தான் அவளுக்கும் அதற்கும் உறவு என்று நினைத்திருந்தேன். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"அந்த அங்கிளுக்குச் சொந்தமா வீடு இருக்கா?"

"இருக்கு."

"நிலம்?"

"இருக்கு."

"நாம வாடகை வீடு. நிலம் இல்ல. ஆடும் இல்ல. அப்ப யாரு ஏழை?"

எனக்குக் கோபம்தான் வந்தது. பதில் இல்லாதபோது பிள்ளைகள் மேல் வருகிற கோபம். மறுநாள் பிரெண்டனிடம் போய், நிலாவோடு மூன்று வாரம் சேர்த்து வேண்டும் என்றேன். மூன்று வாரமும் எதற்கு என்று கேட்டார். ஒருவரைச் சமாதானம் செய்ய வேண்டும் என்றேன். எவ்வளவு பெரிய சண்டை என்றார். ஒரு வாக்கியம் என்றேன். அவருக்கும் ஒரு தம்பி இருக்கிறானாம், ஏழு வருடமாகப் பேச்சு இல்லையாம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

5

நஸ்ரினுக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் அஃப்ராவும் மட்டும் கிளம்பினோம். மச்சான் காரில் மலையேறியபோது அஃப்ரா ஜாலியாகப் படம் பிடித்துக்கொண்டு வந்தாள். பதினெட்டாவது வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லி நான் இறங்கி ஓடினேன். "அயர்லாந்து பஸ்ஸும் இப்படித்தான் நின்னு நின்னு போகுதா மாப்ள?" என்று கேட்டார் மச்சான். அக்கம்பக்கத்துக்கெல்லாம் அதை அன்று மாலைக்குள் சொல்லி முடித்துவிட்டார்.

மறுநாள் காலையில் தனியாகச் சடையண்ணன் வீட்டுக்குப் போனேன். பலாப்பழம் பழுத்த காலம், வரப்பு முழுக்க அந்த வாசனை. கையில் ஒரு பை. அதில் அவருக்காக வாங்கியிருந்த கனமான குளிர்ச்சட்டை. அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பது அவர் முன்னால் போய் நிற்கிற வரைக்கும் எனக்கு உறைக்கவில்லை.

"வாங்க. எப்ப வந்தீங்க?" என்றார்.

பிறந்ததிலிருந்து என்னை 'வா சாமி' என்று மட்டுமே கூப்பிட்ட மனிதர் அவர். உட்காரச் சொன்னார். சொம்பில் தண்ணீர் தந்தார். குடும்பத்தை விசாரித்தார். ஒரு குறையும் சொல்ல முடியாத மரியாதை. பட்டியில் ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. ஒவ்வொன்றின் இடது காதிலும் வெட்டு இருந்தது.

"போன வருசம் நான் பேசுனது தப்புங்கண்ணா."

"என்னங்க தப்பு? நெசத்தத்தானுங்க சொன்னீங்க. வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு எங்களப் பாத்தா ஏழைங்கதானுங்க."

பையை நீட்டினேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "நல்லாருக்குதுங்க. எனக்கு ஒண்ணு இருக்குதுங்க. வேற இல்லாதவங்களுக்குக் குடுத்துருங்க."

அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தபோது அழுதுவிடுவேன் போல இருந்தது. நாற்பத்தாறு வயதில் வரப்பில் நின்று மூக்கைச் சிந்தினேன். அத்தா இருந்திருந்தால் செவிட்டில் ஒன்று விட்டிருப்பார். அதற்குப் பிறகாவது எல்லாம் சரியாகியிருக்கும். மூன்று வாரம் கழிந்தால் நான் பஸ்ஸுக்குப் போய்விடுவேன். அவருக்கும் வயதாகிறது. அடுத்த முறை வரும்போது சரிசெய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது என்பது எனக்கு அங்கேயே தெரிந்தது.

6

ஆடு பேளுக்குறிச்சிச் சந்தையில் மச்சான் பிடித்து வந்தது. பெருநாள் காலை வெறும் வயிற்றோடு காரில் இறங்கினோம். தொழுகை இடத்தில் பெண்களுக்குத் தனியாகத் தடுப்புக் கட்டியிருந்ததால் அக்காவும் அஃப்ராவும் வந்திருந்தார்கள். தொழுது, கட்டித் தழுவி, மறுபடி ஏறினோம். எங்கள் வீட்டுக்குத் திரும்புகிற இடம் வந்ததும், "நேராப் போங்க மச்சான், அடுத்த ஸ்டாப்புல எறக்கி உடுங்க" என்றேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அஃப்ராவும் என்னோடு இறங்கிக்கொண்டாள்.

"ஏன் நடக்கறோம்?"

"போன வழியில திரும்பக் கூடாது. உன் தாத்தா இப்படித்தான் கூட்டிட்டு வருவார்."

சடையண்ணன் ஆடுகளுக்குப் பலா இலை அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து நிமிர்ந்தார். பெருநாள் உடுப்பில், அந்தப் பக்கத்திலிருந்து நாங்கள் நடந்து வந்ததைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு கணம் மாறியது. உடனே சரிசெய்துகொண்டார்.

"வாங்க. தொழுதுட்டு வாரீங்களா?"

"ஆமாங்கண்ணா. இது என் மக, அஃப்ரா."

அவர் மனைவி, எங்களுக்கு அண்ணி, பலாச்சுளையைத் தட்டில் கொண்டுவந்து நீட்டினார். சடையண்ணன் கையைக் காட்டித் தடுத்தார். "வெக்காத. அறுத்த பொறவுதான் அவங்க வாயில வெப்பாங்க." அது அவருக்கு நினைவிருந்தது எனக்குத் தைரியம் தந்தது. பேச்சை எப்படித் தொடங்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அஃப்ரா தொடங்கிவிட்டாள்.

"நீ ஏன் எங்க அத்தா மேல கோவமா இருக்க?"

எனக்கு உயிரே போய்விட்டது. அவளுக்குத் தமிழில் எல்லாரும் 'நீ'தான், கடவுளும் பால்காரரும் உட்பட. சடையண்ணன் அவளை வியப்பாகப் பார்த்தார். கோபப்படவில்லை.

"கோவமெல்லாம் இல்ல கண்ணு."

"அத்தாக்கு இதெல்லாம் தெரியாது. அங்க எந்தப் பங்கு யாருக்குன்னே எங்களுக்குத் தெரியாது. மூணாவது பங்க வாங்க ஆள் இல்ல. நான் சின்னப் பிள்ளையா இருக்கறப்போ கார்ல வெச்சு ஊரெல்லாம் சுத்துனோம். யாருமே வாங்கல."

சடையண்ணன் அரிவாளைக் கீழே வைத்தார். "ஆருமே வாங்கலியா?"

"ரூல் இருக்கு. வாங்கக் கூடாது."

"அப்பறம் என்ன பண்ணுனீங்க?"

"நாங்களே சாப்பிட்டோம். கிறிஸ்மஸ் வரைக்கும்."

"செரி, சொந்தபந்தத்துக்குன்னு ஒரு பங்கு இருக்குமே?"

"சொந்தம் எல்லாம் இங்கதான இருக்கு."

அவர் மெல்ல என் பக்கம் திரும்பினார். அத்தனை நாளில் அப்போதுதான் என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"மூணு பங்கையும் நீங்களேவா தின்னீங்க?"

"ஆமாங்கண்ணா."

"அடக் கொடுமையே! பாய் மகன் இப்படியா கெடக்கோணும்?" அவர் குரலில் இருந்தது அசல் பரிதாபம். நாங்கள் பட்டினி கிடந்ததாகச் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு இரங்கியிருக்க மாட்டார். இனிப் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன்: "அண்ணா, அத்தா உங்களுக்கு எங்க ஊட்டுப் பங்குல இருந்து எடுத்தாருன்னு எனக்குத் தெரியாதுங்க. தெரியாமப் பேசிட்டனுங்க. மன்னிச்சுக்கங்க."

அவர் கீழே கிடந்த இலையைப் பொறுக்கினார். பிறகு வீட்டைப் பார்த்து, "ஏ புள்ள, என்ற துண்ட எடு" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இப்பத் தெரிஞ்சுதல்ல, உடு. வா சாமி, நேரமாச்சு. புள்ள பசியோட நிக்கிது."

வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம் சந்தை ஆட்டின் வாயைப் பிரித்துப் பல்லைப் பார்த்தது. காதைத் தடவினார், காலைத் தூக்கிப் பார்த்தார். "இத ஆருங்க மாப்ள புடிச்சது? உங்களுக்குத் துணியில அளவெடுக்கத் தெரியும், ஆட்டுல தெரியாதாட்ட இருக்குது" என்றார். மச்சான் ஆட்டுக் கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தார். பதினெட்டாவது வளைவுக்கு இதோடு கணக்குத் தீர்ந்தது என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

அறுத்து முடித்து, வாழை இலையில் மூன்று குவியல் வைத்தோம். முதல் குவியலிலிருந்து நானே தூக்குவாளியை நிரப்பினேன், எல்லாரும் பார்க்கிற மாதிரி. சடையண்ணன் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "ஈரல் எங்க?" என்றார். அக்கா சிரித்துக்கொண்டே, ஈரல் அடுப்பில் இருக்கிறது, அத்தா காலத்தில் போல எல்லாருக்கும் சேர்த்துத்தான் என்றாள். மிளகு போட்டு வறுத்த ஈரலை ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். அன்றைக்கு எங்கள் வயிற்றில் விழுந்த முதல் கவளம் அதுதான்.

அஃப்ராவிடம் சடையண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்த வானத்து ஆட்ட ஆரு வளத்துனாங்கன்னு உங்க தாத்தன் கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல கண்ணு. நீயாச்சும் படிச்சுச் சொல்லு." அவள் போனை எடுத்துத் தேடத் தொடங்கினாள். கிடைக்கவில்லை என்று மிகவும் வருத்தப்பட்டாள். பிறகு தட்டையும் போனையும் விட்டுவிட்டு அவரோடு ஆடு பார்க்கப் போனாள்.

7

மிச்ச நாட்களில் அஃப்ராவைப் பட்டியில்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. 'நீ' என்று கூப்பிடுவதை நிறுத்தச் சொல்லிப் பழக்கினேன். சடையண்ணன் வேண்டாம் என்றுவிட்டார். "என்னய நீன்னு கூப்பிட இப்ப ஆரு இருக்காங்க?" என்றார்.

கிளம்பும் அன்று விடைபெறப் போனோம். பட்டிக்குள் பிறந்து சில நாட்களே ஆன கருப்புக் கிடாக்குட்டி ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது. அஃப்ரா அதைத் தூக்கி வந்து என் முன்னால் நீட்டினாள். நான் அதன் இடது காதைப் பார்ப்பதைச் சடையண்ணன் பார்த்தார். காது முழுசாக இருந்தது. "அடுத்த வருசத்துக்கு ஆகாது, ஒரு வயசு நெறையாது, பல்லுப் போட்டிருக்காது. அதுக்கு அடுத்த வருசத்துக்கு ஆகும். வந்துரு சாமி" என்றார். வருகிறேன் என்று சொன்னேன்.

குளிர்ச்சட்டையை இந்த முறை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். போட்டுப் பார்த்துவிட்டு, பொத்தான் துளை சரியில்லை, உங்க அத்தா தைத்திருந்தால் இப்படி இருக்காது என்று குறையும் சொன்னார். எனக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு உள்ளே போய் ஒரு துணிப்பை கொண்டுவந்தார். மிளகு, சாமை, ஒரு டப்பாவில் தேன். பை கனத்தது.

"எதுக்குங்கண்ணா இவ்வளவு?" என்றேன். பழையபடி பேச முடிகிற சந்தோஷத்தில் கேலியும் வந்துவிட்டது. "இது எந்தப் பங்குங்க?"

அவர் சிரிக்காமல் பையை என் கையில் வைத்தார்.

"மூணாவது பங்கு. உனக்குத்தான் அங்க ஆருமே இல்லியே. வாங்கிக்க சாமி."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.